கண் முன்னால் வெட்டிய சடை

எனக்கு முகம் மறந்துவிடும், பிடரி மறக்காது. பஸ் ஸ்டாப்பில் யாராவது ஓடி வந்து "அக்கா, எப்படி இருக்கீங்க?" என்று கையைப் பிடித்தால் அசட்டுச் சிரிப்புச் சிரித்துக்கொண்டு நிற்பேன். அவள் திரும்பிப் போகும்போதுதான், அடடே, இந்த ரெட்டைச் சுழிக்காரியா என்று உறைக்கும். இத்தனை வருஷம் மனுஷர்களைப் பின்னாலிருந்து பார்த்தே பிழைத்தவள் நான்.

பெங்களூரில் விளம்பரத்துக்குப் படம் எடுக்கிற ஸ்டுடியோக்களிலும் ஃபேஷன் ஷோக்களிலும் முடி அலங்காரம் செய்வது என் வேலை. சொந்தமாகப் பார்லர் கிடையாது, வாசலில் போர்டு கிடையாது. போன் வந்தால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈஜிபுராவிலிருந்து ஆட்டோ பிடிப்பேன். வாய் கொஞ்சம் நீளம் என்று என்னைப் பற்றி எல்லாரும் சொல்வார்கள். கை சுத்தம் என்றும் சொல்வார்கள். அதனால் வாயைப் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பெட்டி ஒரு பழைய டிரங்குப் பெட்டி. மேல் தட்டில் சீப்பு, கத்தரி, ஊசி, ஸ்ப்ரே. கீழே பூராவும் முடி. சடையாகவும் கற்றையாகவும், நாடாவில் தைத்த சவுரியாகவும் அடுக்கி வைத்திருப்பேன். எந்தக் கோயிலில் எந்த வேண்டுதலுக்கு இறக்கிய முடியோ, யாருடையதோ, நமக்கென்ன தெரியும்? பக்கத்து வீட்டம்மா அந்தப் பெட்டி இருக்கிற அறைக்குள் காலை வைக்க மாட்டாள். "அத்தினி பொம்பளைங்க உன் கட்டிலுக்கு அடியில படுத்துகினு கீறாங்களே, உனக்கு பயமா இல்ல?" என்பாள். "கொறட்டை விடாம படுத்திருந்தா சரி" என்பேன். நிஜமாகவே எனக்குப் பயம் இருந்ததில்லை. முடி எனக்குச் சரக்கு, அவ்வளவுதான்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு துணிக் கம்பெனிக்காக இரண்டு படம் எடுத்தார்கள். முதல் படத்தில் இடுப்பைத் தாண்டிய சடையோடு ஒரு பெண். இரண்டாவது படத்தில் அதே பெண், காதளவு முடியோடு. பழைய பெண், புதிய பெண் என்று என்னவோ கருத்தாம். அதை யோசித்த மனிதருக்குத் தலையில் மருந்துக்கும் முடி கிடையாது.

அந்தப் பெண் ஜீவனஹள்ளிக்காரி. பத்தொன்பது வயது. கார்மென்ட்ஸ் ஃபேக்டரியில் நூல் பிசிறு வெட்டுகிற வேலை. பஸ்ஸில் அவள் சடையைப் பார்த்துவிட்டு விளம்பரக் கம்பெனிப் பெண் ஒருத்தி பிடித்து வந்திருந்தாள். கூடவே அவள் அம்மாவும் வந்தாள். அப்பா கிடையாது. வீட்டில் இவர்கள் இரண்டு பேர்தான். அந்தம்மா காக்ஸ் டவுனில் இரண்டு பங்களாவில் சமையல் செய்தாள். விடிந்ததும் பெண்ணை முன்னால் உட்கார வைத்துத் தலைவாரிப் பின்னிவிட்டுத்தான் வேலைக்குப் போவாளாம். ஒரு நாள் தவறியதில்லையாம். சீப்பில் வருகிற நாலு முடியைக்கூட விரலில் சுருட்டி, மூன்று தடவை துப்பித்தான் எறிவாளாம். யார் கையிலாவது கிடைத்து ஏதாவது செய்துவிடுவார்கள் என்ற பயம். நம் ஜனங்களில் யாருக்கு இல்லை அது?

வெட்டுவதற்குச் சம்மதிக்க அந்தம்மா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. "வெட்டின முடி ஒண்ணு விடாம எங்கையில வரணும்."

போட்டோ எடுப்பவர் சிரித்தார். எனக்குக் கோபம் வந்தது. "இதுல சிரிக்க என்ன இருக்கு? அவங்க முடி, அவங்க எடுத்துட்டுப் போறாங்க" என்றேன். மனசாரத்தான் சொன்னேன். அப்போது நான் அந்த முடியைத் தொட்டிருக்கவில்லை.

தொட்ட பிறகு புத்தி மாறிவிட்டது. தொழில் தெரியாதவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைப்பது கஷ்டம். கடையில் வாங்குகிற முடியில் வேரும் நுனியும் தலைகீழாகக் கலந்து கிடக்கும். மருந்தில் ஊறப்போட்டு வழவழப்பாக்கி விற்பார்கள். நாலு தடவை அலசினால் தேங்காய் நார்தான். ஒரே தலையில் வளர்ந்து, ஒரே கையால் வாரப்பட்டு, சீயக்காயும் எண்ணெயும் தவிர வேறெதுவும் காணாத முடி எங்கே கிடைக்கும்? மேலிருந்து கீழே தடவினால் உள்ளங்கை வழுக்கிக்கொண்டு போனது. ஆசை யாரை விட்டது, என் கை பரபரத்தது.

அம்மா ஒரு முழம் தள்ளி நின்று கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சடையை மேலேயும் கீழேயும் இறுக்கிக் கட்டிவிட்டு வெட்டினேன். கத்தரிக்கு நாலு கடி. அந்தப் பெண் கழுத்தைத் தடவிப் பார்த்துவிட்டுக் கலகலவென்று சிரித்தாள். அம்மா சிரிக்கவில்லை. "இருங்கம்மா, பேப்பர்ல சுத்தித் தர்றேன்" என்று பெட்டியிடம் போனேன். மூடியைத் தூக்கினால் அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உள்ளே அதே நீளத்தில் வாங்கின சடை ஒன்று கிடந்தது. அவள் பெண்ணின் சடையை உள்ளே வைத்தேன், அதை எடுத்துச் சுற்றினேன், கொண்டுபோய்க் கொடுத்தேன். அவ்வளவுதான் வேலை. கை நடுங்கியிருந்தால் இன்றைக்கு என்மேல் எனக்கே கொஞ்சம் மரியாதை மிஞ்சியிருக்கும். நடுங்கவில்லை.

மூன்றாம் நாள் அந்தம்மா ஸ்டுடியோவுக்கு வந்தாள். நான் வேறொரு வேலையில் இருந்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்து பேப்பரைப் பிரித்தாள்.

"இது எம்பொண்ணு முடி இல்லம்மா."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். எனக்குக் குறுகுறுக்கவில்லை, ஆத்திரம்தான் வந்தது. நாலு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். திருடி என்று பேராகிவிட்டால் அப்புறம் யார் என்னைக் கூப்பிடுவார்கள்? குரலை உயர்த்தினேன்.

"ஏம்மா, உங்க கண்ணு முன்னாடிதானே வெட்டினேன்? இத்தனூண்டு தூரத்துல நின்னு பார்த்தீங்கல்ல? இது உங்க பொண்ணு முடி இல்லன்னா, அப்ப அந்தத் தலை உங்க பொண்ணு தலை இல்லையா?"

அந்தம்மா சண்டைக்கு வருவாள் என்று நினைத்தேன். வரவில்லை. என்னையே பார்த்தாள். பிறகு கையிலிருந்த சடையைப் பார்த்தாள். ஒரு கணக்கு சரியாக வந்துவிட்டது போல மெல்லத் தலையை ஆட்டினாள்.

"ஆமால்ல" என்றாள். பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். ஒரு வழியாக வாயை அடைத்தோம் என்று நான் காபி கேட்டு வாங்கிக் குடித்தேன்.

அந்தப் பெண்ணுக்குக் காதளவு முடி நன்றாகவே அமைந்துவிட்டது. ஷோக்களுக்கு அழைப்பு வந்தது. ஃபேக்டரியை விட்டுவிட்டாள். அடிக்கடி என் நாற்காலிக்கு வருவாள். இரண்டு மாதம் கழித்து ஒரு நாள், கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"அக்கா, எங்கம்மா என்னை நீங்க, வாங்கன்னு கூப்புடுது."

"கிண்டலா இருக்கும். பெரிய மாடல் ஆயிட்டேல்ல!"

"இல்லக்கா. சோறு போட்டுட்டு, போதுங்களா, இன்னும் கொஞ்சம் வெக்கட்டுங்களான்னு கேக்குது. வெளியாளுங்க வந்தா குடுக்கிற டம்ளர்லதான் எனக்குத் தண்ணி. எந்த ஊரும்மா நீங்கன்னு கேக்குது. மொதல்ல நானும் சிரிச்சேன்."

என் சீப்பு நின்றுவிட்டது.

"தெனம் ரெண்டு தட்டு எடுத்து வெக்கிது. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு எம்பொண்ணுக்குங்குது. ஸ்டுடியோக்குப் போயிருக்கா, வந்துருவாங்குது. வேலைக்கெல்லாம் ஒழுங்காப் போவுதுக்கா. பங்களாவுல யாருக்கும் ஒண்ணும் தெரியல. என்கிட்ட மட்டும்தான். நேத்து ராகி களி கிண்டிகினே கேக்குது, ஏம்மா, அங்க எம்பொண்ணப் பாத்தீங்களான்னு. நான்தாம்மா அதுன்னு அழுதேன். என் தலையத் தடவிக் குடுத்துச்சு. அழாதீங்கம்மா, உங்க வீட்டுக்கும் யாராச்சும் வருவாங்கன்னுச்சு."

அவள் அழவில்லை. மேக்கப் கலையக் கூடாது என்று மேலே பார்த்துக்கொண்டே சொன்னாள். நான் ஆத்திரத்தில் வீசிய பேச்சை அந்தம்மா வார்த்தை பிசகாமல் எடுத்துக்கொண்டிருந்தாள். முடி அவள் பெண்ணுடையது இல்லை என்று அவள் விரலுக்குத் தெரியும். அது இந்தத் தலையிலிருந்து வந்ததை அவள் கண்ணே பார்த்தது. இரண்டும் உண்மையென்றால் வேறென்ன மிஞ்சுகிறது?

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஆனால் அந்தச் சடையை நான் பிரித்து, நாடாவில் தைத்து, மூன்று சவுரியாக்கி, ஷோவுக்கு ஷோ வேறு வேறு தலையில் வைத்துக்கொண்டிருந்தேன். எங்கே கிடைத்தது என்று எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "சடையை வெட்டின ஏக்கம். போகப் போகச் சரியாயிடும்" என்றேன். என்னைப் போலப் பாவி உண்டா!

பிறகு ஸ்டுடியோ வாட்ச்மேன் சொல்ல ஆரம்பித்தார். கன்னடக்காரர், அவருக்குத் தெரிந்த தமிழில் பேசுவார். "மேடம், ஒரு அம்மா தினா வர்றாங்க. மகள் உள்ள போனா, வாபஸ் வரல்லா சொல்றாங்க. நான் என்னா சொல்றது?" மத்தியானம் வேலை முடிந்து பங்களாவிலிருந்து நேராக வந்து, நாலு மணி வரை எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்றுவிட்டுப் போவாளாம். சத்தம் போடுவதில்லை. யாரையும் தொந்தரவு செய்வதில்லை. உள்ளே போகிற பெண்களையும் வெளியே வருகிற பெண்களையும் பார்ப்பாளாம். முகத்தைப் பார்ப்பதில்லை, அவர்கள் தாண்டிப் போன பிறகு பின்னால் பார்ப்பாள் என்றார். நான் ஒரு வாரம் பின்பக்க கேட் வழியாகப் போய்வந்தேன்.

ஒரு நாள் வெயிலில் படம் எடுக்க வேண்டும் என்று மாடல்களை வாசலுக்குக் கூட்டிப் போனார்கள். ஆறு பெண்கள், ஆறு பேருக்கும் நீள முடி. ஐந்து பேர் தலையில் கடையில் வாங்கின முடி. ஒருத்தி தலையில் மட்டும் அது. அதை அன்றைக்கு ஷாம்பு போட்டு, சூட்டில் சுருட்டி, ஸ்ப்ரே அடித்து வைத்திருந்தேன். கலந்து போட்டால் எது எதுவென்று எனக்கே தெரிந்திருக்காது.

ரோட்டைத் தாண்டி அந்தம்மா நேராக வந்தாள். நாலு பேரைக் கடந்து அந்த ஒருத்தியின் பின்னால் நின்றாள். முடியின் நுனியை இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தினாள். பிடித்து இழுக்கவில்லை. அதனால் அந்த மாடலுக்குத் தெரியவேயில்லை. நான் இரண்டடி தள்ளி ஸ்ப்ரே டப்பாவோடு நின்றிருந்தேன்.

"பாப்பா" என்றாள் அந்தம்மா, முடியிடம். "எண்ணெ காட்டாம எப்டி காஞ்சி கீது பாரு."

மாடல் திரும்பிப் பார்த்து வீலென்று கத்தினாள். அந்தம்மா அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு முடியைப் பார்த்தாள். மறுபடி முகம். "மூஞ்சி வேற கீதே" என்று என்னிடம்தான் கேட்டாள், கடையில் சரக்கு மாறிவிட்டது போல. வாட்ச்மேன் ஓடி வந்து கையைப் பிடித்துக் கூட்டிப் போனார். அவள் பின்பக்கமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். நான் ஸ்டுடியோப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. போன் வயரைப் பிடுங்கிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, மூன்று சவுரியையும் பிரித்தேன். பிளேடால் ஒவ்வொரு தையலாக அறுத்து, வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று அடுக்கி, சீயக்காய் போட்டு அலசிக் காய வைத்து, எண்ணெய் தடவிப் பின்னினேன். அன்றைக்குத்தான் எனக்கு அந்தப் பெட்டியைப் பார்க்கப் பயமாக இருந்தது.

முதலில் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். திட்டுவாள், செருப்பால் அடிப்பாள் என்று தயாராகத்தான் இருந்தேன்.

"ஒரு சடைக்காக்கா?" என்றாள்.

சடையைப் பேப்பரில் சுற்றி எடுத்துக்கொண்டேன். இரண்டு பேருமாக ஆட்டோவில் ஜீவனஹள்ளிக்குப் போனோம்.

ஒற்றை அறை வீடு, பளிச்சென்று துடைத்து வைத்திருந்தாள் அந்தம்மா. "வாங்கம்மா, வாங்க, உக்காருங்க" என்று எங்கள் இரண்டு பேருக்கும் பாய் போட்டாள். இரண்டு பேருக்கும் விருந்தாளி டம்ளரில் தண்ணீர் கொடுத்தாள். பெண் டம்ளரை வாங்கிக்கொண்ட விதத்தைப் பார்த்தால் பழகிவிட்டது என்று தெரிந்தது. நான் சடையை எடுத்துப் பாயில் வைத்தேன்.

"அம்மா, நான் தப்புப் பண்ணிட்டேன். உங்க பொண்ணு முடிய நான் எடுத்துக்கிட்டு வேற முடியக் குடுத்துட்டேன். இத நாடாவுல வெச்சுத் தெச்சு, கண்டவங்க தலையிலெல்லாம் வெச்சேன். அன்னிக்கி நான் சொன்னது பூரா பொய். இவதான் உங்க பொண்ணு. அந்தத் தலைதான் இந்தத் தலை. என்னை என்ன வேணா பண்ணுங்க, இவளை மட்டும் சேர்த்துக்கங்க." காலில் விழுந்தேன். யார் காலிலும் விழுந்தவள் இல்லை நான்.

அவள் நான் பேசியதைக் கேட்டாளா தெரியவில்லை. சடையை எடுத்து மேலிருந்து கீழே ஒரு தடவை தடவினாள். கீழிருந்து மேலே ஒரு தடவை. முகம் மெல்ல மெல்லத் திறந்துகொண்டது. அப்பாடா என்று எனக்கு உடம்பெல்லாம் தளர்ந்தது.

"எங்கடி போயிருந்தே?" என்றாள். "எத்தினி நாளாச்சுடி... சோத்த வெச்சிகினு ஒக்காந்துகினு கீறேன், எங்கடி போயிருந்தே இத்தினி நாளு?"

டி போட்டுக் கூப்பிட்டதும் அந்தப் பெண் "அம்மா" என்று தவழ்ந்தே முன்னால் போனாள். அந்தம்மா ஒரு கையை நீட்டி அவளைத் தடுத்தாள். சடையை மடியில் வைத்து, மற்றொரு கையால் அதைத் தட்டிக்கொண்டேயிருந்தாள்.

"நீங்க கெளம்புங்கம்மா. உங்கம்மா உங்களத் தேடிகினு இருப்பாங்க."

என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். "எம்பொண்ணக் கூட்டியாந்து வுட்டியே. நீ நல்லா இருக்கணும்."

பெரிய ஆஸ்பத்திரிக்கெல்லாம் கூட்டிப் போனோம். மாத்திரை கொடுத்தார்கள். தூக்கம் வந்தது, ஸ்டுடியோ வாசலில் நிற்பது நின்றது. மற்ற எல்லாமே சரியாகத்தான் இருந்தது அவளுக்கு. அந்த ஒன்று மட்டும் அசையவில்லை. இது எப்படியும் வந்திருக்கும், உங்கள் விஷயம் இல்லாவிட்டால் வேறொரு சாக்கில் வந்திருக்கும் என்று டாக்டர் எனக்கு ஆறுதல் சொன்னார். அவர் நல்ல மனிதர், சொல்வார். அன்றைக்கு ஸ்டுடியோவில் அவள் "ஆமால்ல" என்று தலையாட்டியதை அவர் பார்க்கவில்லை.

அந்தப் பெண் ஈஜிபுராவில் என்னோடு வந்து தங்கினாள். மன்னித்தாளா என்று நான் கேட்டதில்லை. மாடல் வேலையை விட்டுவிட்டு ஒரு துணிக்கடையில் சேர்ந்தாள். மாதா மாதம் அம்மாவைப் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டு வருவாள். விருந்தாளி டம்ளரில் தண்ணீர் குடித்துவிட்டு வருவாள். தலையில் கத்தரி படவிடவில்லை. முடி வளரட்டும், அம்மா கையில் கொடுக்கிறேன், அப்போது தெரிந்துகொள்ளும் என்றாள். நானும் நம்பினேன். தினம் காலையில் சீயக்காய், எண்ணெய், சீப்பு என்று அந்தம்மா செய்த மாதிரியே செய்தேன். அதை ஒரு தவம் மாதிரி செய்தேன் என்றால் மிகையில்லை.

ஆறு வருஷம் ஆயிற்று. இரண்டாயிரம் பிறந்து ஊரே கம்ப்யூட்டர் கம்ப்யூட்டர் என்று பறந்துகொண்டிருந்தது. முடி இடுப்பைத் தொட்டதும் ஒரு நாள் காலையில் கிளம்பிப் போனோம். அந்தம்மா நரைத்திருந்தாள். சுவரில் ஆணியில் சடை தொங்கியது. அப்போதுதான் வாரிப் பின்னிப் பூ வைத்திருந்தாள். அந்தப் பெண் பின்னலை அவிழ்த்துவிட்டு, அம்மாவுக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்தாள், சின்ன வயதில் உட்கார்ந்த மாதிரி.

அந்தம்மா முடியைக் கையில் அள்ளினாள். மேலிருந்து கீழே தடவினாள். கீழிருந்து மேலே தடவினாள். அவள் உதடு நடுங்கியதை நான் பார்த்தேன். சுவரோடு சாய்ந்து நின்றேன். அந்தப் பெண் கண்ணை மூடியிருந்தாள்.

பிறகு அவள் விரல்கள் முடிக்குள் நுழைந்தன. இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரை, வேரோடு வேராக, அழுத்தி அழுத்தித் தேடின. பிடரியில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை, மறுபடியும் பிடரியில். அவள் எதைத் தேடுகிறாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. சவுரி வைத்த தலையை நானும் அப்படித்தான் தடவிப் பார்ப்பேன்.

கையை எடுத்துக்கொண்டு அந்தம்மா என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் நிஜமான மரியாதை இருந்தது.

"தையலே தெரியலம்மா" என்றாள். "என்னா சுத்தமா வெச்சிருக்கே! ஒரு நிமிசம் எம்பொண்ணுன்னே நெனச்சிட்டேன்."